சைக்கிள் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க தெருவைப் பாருங்க!

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள் நிற்கிறதா? ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காய்கிறதா? டயரில் காற்று இல்லை, செயினில் துரு, சீட்டின் மேல் ஒரு விரற்கடை தூசி... சரிதானே? வெட்கப்படாதீர்கள். மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஏழு சைக்கிள்களை எண்ணியிருக்கிறேன். ஏழாவது என்னுடையது!

மூன்று வருடங்களுக்கு முந்தைய கதை இது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.2 என்று வந்தது. ''இன்னும் சர்க்கரை வியாதி இல்லை. ஆனா வாசப்படியில வந்து நிக்குறீங்க. தினமும் உடம்பை அசைச்சாகணும்'' என்றார் டாக்டர். அதைக் கேட்ட வேகத்தில் அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போய்விட்டேன்.

''இதுதான் சார் ஆல்ரவுண்டர். மலை, ரோடு, காடு, எங்க வேணாலும் போகும்'' என்று ஒன்றை நீட்டினார்கள். தடித்தடியான டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், 21 கியர், பார்க்கக் குட்டி மோட்டார் பைக் மாதிரி. பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கி வந்தேன். சரியாகப் பத்தொன்பது நாள் ஓட்டினேன். இருபதாவது நாள் முழங்காலில் வலி. படி ஏறினால் 'சுருக்'கென்றது. ''இந்த வயசுல எதுக்குங்க விஷப்பரீட்சை?'' என்றாள் மனைவி. சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் போனது.

உண்மையைச் சொன்னவர் டாக்டர் இல்லை. எங்கள் பகுதியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவர். வித்துவிடலாம் என்று அதைத் தள்ளிக்கொண்டு போனபோது என்னை ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தார்.

''தம்பி, முட்டியில கோளாறு இல்ல. சீட்டை இம்புட்டுத் தாழ்த்தி வச்சு மிதிச்சா எந்த முட்டிதான் தாங்கும்? சீட்டை ஏத்துனா குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும். ஏன்னா சைக்கிளே உங்களுக்குச் சின்னது. அங்கிட்டு மலையில ஓட்டுற வண்டிய இங்கிட்டுத் தார் ரோட்டுக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்க!''

அவர் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கு விவரமாகச் சொல்லப் போகிறேன். என் கட்சி இதுதான்: எல்லா ரோட்டுக்கும் ஏற்ற சைக்கிள் என்று கடையில் எதுவும் தனியாக இல்லை. உங்கள் தெருவுக்கும் உங்கள் உடம்புக்கும் ஏற்றது எதுவோ, அதுதான் உங்களுக்கு ஆல்ரவுண்டர். கடைக்குப் போய்விட்டு யோசிப்பதை விட்டு, யோசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இது ஏதோ பொழுதுபோக்கு விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். 'வாசப்படியில்' நிற்கிறவர்கள் பதின்மூன்று கோடிக்கும் மேல். அப்படி நிற்கிற ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய சைக்கிள் ஒரே மாதத்தில் மூலைக்குப் போனால், நஷ்டம் பதினெட்டாயிரம் ரூபாய் மட்டும்தானா?

முதலில் ரோடு

ஒரு பேப்பரை எடுங்கள். வரும் ஆறு மாதத்தில் சைக்கிளில் நிஜமாகவே எங்கெல்லாம் போவீர்கள் என்று எழுதுங்கள். கொடைக்கானல், மூணாறு எல்லாம் வேண்டாம். நிஜமாக!

நான் எழுதியது: கே.கே. நகர் ஆர்ச்சிலிருந்து மாட்டுத்தாவணி, மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை, அங்கிருந்து யானைமலை அடிவாரம் நரசிங்கம், மனசு வந்தால் திருமோகூர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அழகர்கோவில். வாரநாளில் காய்கறிக் கடை, பால் பூத், பேங்க். அவ்வளவுதான்.

இதில் என்ன ரோடு இருக்கிறது? முக்கால்வாசி தார் ரோடு. குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், முன்னறிவிப்பே இல்லாத வேகத்தடை. ஊரைத் தாண்டினால் கண்மாய்க்கரை, வாய்க்கால் கரை, செம்மண், சரளை. மலை ஏற்றம் என்று ஒன்றுமே இல்லை. மதுரையில் நாம் ஏறுகிற பெரிய மேடு, மேம்பாலம்தான்!

இந்தக் கலவையான ரோட்டுக்குத்தான் வெளிநாட்டில் ஒரு ரகம் பிரபலமாகியிருக்கிறது. பெயர் 'கிராவல் பைக்'. கிராவல் என்றால் சரளைக்கல். அமெரிக்காவில் கன்சாஸ் மாதிரியான மாநிலங்களில் பண்ணைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மைல் சரளை ரோடு உண்டு. அங்கே எம்போரியா என்ற ஊரில் 2006-லிருந்து 200 மைல் சரளைப் பந்தயமே நடக்கிறது. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் அங்கே தாங்காது. மலை சைக்கிளின் தடித்த டயரோ வேகம் போகாது. இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் கிராவல்.

அப்பாவின் ஹெர்குலிஸும் கிராவல்தான்!

கடையில் ஆளை மயக்குகிற வார்த்தைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு டயர் அகலத்தை மட்டும் பாருங்கள். டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும்.

ரேஸ் சைக்கிளுக்கு 25-லிருந்து 32 மில்லிமீட்டர். நல்ல ரோட்டில் அம்பு மாதிரி பறக்கும். நம் தெருப் பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு வரை சேதி வரும். மலை சைக்கிளுக்கு 50 மி.மீ.க்கு மேல். பள்ளம் தெரியாது, ஆனால் தார் ரோட்டில் மணலில் மிதிப்பது போல் இழுக்கும். ஹைப்ரிட், கிராவல் இரண்டுக்கும் பெரும்பாலும் 35-லிருந்து 45 மி.மீ. நமக்கு வேண்டியது இதுதான்.

இப்போது ஒரு வேடிக்கை. அப்பா காலத்து ஹெர்குலிஸ், பிலிப்ஸ், அட்லஸ் சைக்கிள்கள் ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரை நமக்கு அறிமுகப்படுத்தியதே 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனிதானே! அந்தப் பெரிய சைக்கிளின் டயர் அளவு 28-க்கு ஒன்றரை இஞ்ச். ஒன்றரை இஞ்ச் என்பது எத்தனை மில்லிமீட்டர்? முப்பத்தெட்டு! இன்று அரை லட்சத்துக்கு விற்கிற கிராவல் பைக்கின் டயர் அகலமும் ஏறத்தாழ அதேதான்.

பால்காரரும் தபால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் செம்மண்ணிலும் தார் ரோட்டிலும் ஒரே சைக்கிளில் போன ரகசியம் அதுதான். அந்தச் சைக்கிளின் குறை, எடை. இருபது கிலோவுக்குக் குறையாது. இன்றைய ஹைப்ரிட் பதின்மூன்று, பதினைந்து கிலோ. கிராவல் இன்னும் இரண்டு மூன்று கிலோ குறைவு.

அப்படியானால் ஹைப்ரிட்டா, கிராவலா? பெரிய வித்தியாசம் ஹேண்டில்பாரில். கிராவலுக்கு ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்குப் பிடியை மாற்றி மாற்றிப் பிடிக்க வசதி. ஒரே நாளில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிற 'பிரவே' ஓட்டக்காரர்களுக்கு அது தேவை. முதுகு வலி, கழுத்து வலி உள்ளவர்கள், நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இட்லி சாப்பிட வீட்டுக்குத் திரும்புகிற என் மாதிரி ஆட்கள்... நமக்கு நேரான ஹேண்டில்பார் வைத்த ஹைப்ரிட் போதும். ஆறு மாதம் விடாமல் ஓட்டிய பிறகும் ஆசை இருந்தால் கிராவலுக்குப் போங்கள். நான் தடுக்க மாட்டேன்.

குரங்குப் பெடல் பழக்கத்தை விடுங்கள்

நம்மில் பலர் மணிக்கணக்கு வாடகைக்குப் பெரிய சைக்கிளை எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் 'குரங்குப் பெடல்' போட்டுப் பழகியவர்கள். அதனால்தானோ என்னவோ, சைக்கிளுக்கு அளவு என்று ஒன்று இருப்பதே நமக்குத் தோன்றுவதில்லை. செருப்பு வாங்கும்போது ஏழா எட்டா என்று போட்டுப் பார்க்கிறோம். இருபதாயிரம் ரூபாய் சைக்கிளை ஏறிக்கூடப் பார்க்காமல் வாங்குகிறோம்!

ஒரே மாடலில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவுகள் உண்டு. கடையில் செய்ய வேண்டிய சோதனை மூன்று.

ஒன்று, நடு பாரின் இருபுறமும் காலை ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும்.

இரண்டு, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான சீட் உயரம். இப்படி வைத்தால் உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தையும் தரையில் முழுசாக ஊன்ற முடியாது. பயமாகத்தான் இருக்கும். முதல் வாரம் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, மெள்ள மெள்ள ஏற்றிக்கொள்ளுங்கள். அப்படியே விட்டுவிட்டால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். என் கதை அதுதான்!

மூன்று, ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும்.

இந்த மூன்றில் ஒன்று தவறினாலும், எத்தனை ஆயிரம் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

21 கியர் எதற்கு?

அப்பாவின் சைக்கிளில் கியரே இல்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் வேகம். சமதளத்தில் இது தாராளம்.

பிறகு கியர் எதற்கு? மதுரைக்கு ஆடி மாதம் வரும் பாருங்கள், அப்போது தெரியும். எதிர்க்காற்றில் ஒத்தக்கடையிலிருந்து திரும்பி வாருங்கள், மேலே ஏறுகிற மாதிரி இருக்கும். அப்போதும், பாலம் ஏறும்போதும் கியரைக் குறைத்தால் முட்டிக்குச் சுமை குறைகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு லேசான கியரில் வேகமாகச் சுற்றுவது நல்லது, கனமான கியரில் அழுத்தி மிதிப்பது கெடுதல். அதற்குப் பின்சக்கரத்தில் ஏழெட்டு கியர் இருந்தாலே போதும். முன்னாலும் மூன்று வைத்து 21 ஆக்கினால் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கிறது, பழுதுக்கும் நன்றாக இருக்கிறது!

விலை குறைந்த சைக்கிளில் வருகிற ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். இரண்டு கிலோ எடையைக் கூட்டி, நீங்கள் மிதிக்கிற சக்தியில் ஒரு பகுதியை ஆடியே தின்றுவிடும். நம் பள்ளத்துக்கு 38, 40 மி.மீ. டயரில் அளவான காற்று போதும். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. வாங்கினால் கேபிளில் இயங்குவதாக வாங்குங்கள். ஆயில் பிரேக் கெட்டால் நம் தெருவில் யார் சரி செய்வது?

பஞ்சர் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை

இதைத்தான் யாரும் செய்வதில்லை. பெண் பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம் இல்லையா? சைக்கிளுக்கு விசாரிக்க வேண்டிய அக்கம்பக்கம், உங்கள் தெருப் பஞ்சர் கடை. ''அண்ணே, இந்த சைஸ் டியூப் வச்சிருக்கீங்களா? இந்த வால்வுல உங்க பம்பு ஏறுமா?'' என்று கேளுங்கள்.

பழைய சைக்கிளில் வால்டியூப். இன்றைய சைக்கிள் பலவற்றில் மோட்டார் பைக் மாதிரி வால்வு, அதற்குப் பெட்ரோல் பங்க்கிலும் காற்று பிடிக்கலாம். விலை கூடிய ரோடு, கிராவல் ரகங்களில் பென்சில் முனை மாதிரி மெல்லிய வால்வு. அதற்கு நம் ஊர்ப் பம்பு சேராது. பத்து ரூபாய்க்கு ஒரு சின்ன அடாப்டர் இல்லாமல் ஒரு நாள் முழுக்க சைக்கிளைத் தள்ளியவர்கள் உண்டு.

நம் பக்கத்துக்கென்றே ஒரு எதிரியும் இருக்கிறது, சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரையில் அது குத்தாத டயர் கிடையாது. டயரை வாங்கும்போதே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதாகக் கேளுங்கள். ஒரு மாற்று டியூப், சின்னப் பம்பு, டயர் கழற்றும் நெம்பு, மூன்றையும் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் வையுங்கள். டியூப் மாற்றுவதை வீட்டுத் திண்ணையில் ஒரு தடவை செய்து பழகுங்கள். பஞ்சர் பயத்தாலேயே சைக்கிளை விட்டவர்கள் அதிகம்.

வீட்டில் யாரைக் கேட்டீர்கள்?

இதுதான் நான் உரக்கச் சொல்ல விரும்புகிற விஷயம். நம் வீடுகளில் சைக்கிள் வாங்கினால் அது பையனுக்கு, இல்லாவிட்டால் திடீர் ஞானோதயம் வந்த குடும்பத் தலைவருக்கு. வீட்டு அம்மாவை யாராவது கேட்கிறோமா? ''அவ எங்கங்க ஓட்டப் போறா?'' என்று நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம்.

சிவகங்கையைத் தாண்டிப் போனால் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. அதைத் தூண்டியவர் அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய், ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்களாம். சிலருக்கு அதுவே பிடித்துப் போனது. ஏன் தெரியுமா? நடு பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

அந்தப் பெண்கள் தங்கள் தேவையைப் பார்த்துச் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து, படித்த நாம் விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

வீட்டுக்கு ஒரே சைக்கிள்தான் வாங்க முடியும் என்றால் என் யோசனை இது: நடு பார் தாழ்ந்து இறங்கிய ஃபிரேமாக வாங்குங்கள். சேலை, சுடிதார், வேட்டி எதில் வேண்டுமானாலும் ஏறலாம். காலைத் தூக்கிப் போட முடியாத இடுப்பு வலிக்காரருக்கும் அதுதான் வசதி. செயின் கவர், முன்னால் ஒரு கூடை கட்டாயம். சீட்டை ஸ்பானர் இல்லாமல் கையாலேயே ஏற்றி இறக்குகிற வகை இருக்கிறது. உயரம் ரொம்ப வித்தியாசப்படாத இரண்டு பேர் ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டலாம். 'லேடீஸ் சைக்கிளை ஆம்பளை ஓட்டுவதா' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஸ்கூட்டியை மட்டும் எப்படி ஓட்டுகிறீர்கள்?

எவ்வளவு செலவழிக்கலாம்?

கியர் இல்லாத உருப்படியான சைக்கிள் ஏழெட்டாயிரத்தில் கிடைக்கும். கியர் வைத்த ஹைப்ரிட் சுமார் பதினைந்திலிருந்து முப்பதாயிரம். கிராவல் அரை லட்சத்தை ஒட்டித் தொடங்கி எங்கோ போகிறது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மிச்சமாகிற பணத்தை ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இவற்றுக்கு ஒதுக்குங்கள். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. உங்கள் தலை உங்களுக்குக் கட்டாயம்தானே?

சைக்கிளில் போனால் 'வசதி குறைந்துவிட்டதோ' என்று பார்ப்பார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். லட்ச ரூபாய் சைக்கிளை வாங்கிப் படம் எடுத்துப் போடுகிற பெருமை மறுபக்கம். இரண்டுமே உடம்புக்கு உதவாது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் முப்பதாயிரம் பேரைப் பல வருடம் கவனித்து, 2000-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களோடு ஒப்பிட்டால், போகாதவர்களிடம் இறப்பு விகிதம் சுமார் 39 சதவீதம் அதிகமாக இருந்தது. அவர்கள் பந்தயக்காரர்கள் அல்ல, ஆபீஸ் போகிறவர்கள். நம் கணக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆறு நாள் படுப்பதைவிட, தினமும் அரைமணி நேரம் மேல். வாரம் ஐந்து நாள் அரைமணி என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வதும் அதே 150 நிமிடம்தான்.

சில எச்சரிக்கைகள். நெஞ்சு வலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓட்டும்போது சர்க்கரை இறங்கலாம். சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில் ஓட்ட வேண்டாம், ஷூ போடுங்கள். மேலூர் ரோட்டில் பஸ்கள் பறக்கத் தொடங்கும் முன்பே, காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். அந்தக் குட்டி மோட்டார் பைக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, பஞ்சர் கடைப் பெரியவரையே கூட்டிக்கொண்டு போய், 38 மி.மீ. டயரும் ஏழு கியரும் உள்ள ஒரு ஹைப்ரிட் வாங்கினேன். தாழ்ந்த பார் உள்ளதுதான். போன மாதப் பரிசோதனையில் 5.9. சோற்றைக் குறைத்ததும் உண்டு, எனவே மொத்தப் பெருமையையும் சைக்கிளுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் முட்டி வலி போனது சத்தியமாகச் சீட் உயரத்தால்தான்.

இன்னொன்றும் நடந்தது. 'விஷப்பரீட்சை' என்று சொன்னாளே, என் மனைவி, ஒருநாள் சாயங்காலம் சீட்டைத் தாழ்த்திக்கொண்டு தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் ஓட்டியது, இருபத்தைந்து வருடம் கழித்து! இப்போது காய்கறிக் கடைக்கு அவள்தான் போகிறாள். காலையில் நான் எழுந்திருக்கத் தாமதமானால் சைக்கிள் கிடைப்பதில்லை. வீட்டில் இப்போது அதுதான் சண்டை.

இன்னொரு சைக்கிள் வாங்க வேண்டும். இந்தத் தடவை அளவு எடுக்க வேண்டியது எனக்கு இல்லை, அவளுக்கு. நீங்களும் கடைக்குப் போகும்போது வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் நாளைக்குக் காலை வாசலைத் திறந்து, உங்கள் தெருவை ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்த டயர் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்!